பிள்ளைக்குக் குளிக்க வெள்ளம்

என் வீட்டுக்காரர் வீரர். பச்சை வெள்ளம், காய்ச்சாத தண்ணீர், குடிக்கிற வீரர். எங்கள் ஊர் அருமனையில் வாந்திபேதி இறங்கிய பிறகும் கிணற்று வெள்ளத்தைச் செம்போடு அண்ணாந்து குடிப்பார். மீசையைத் துடைப்பார். "எனக்கு என்ன ஆச்சு?" என்பார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம் ஆனது மூத்த மகளுக்கு. காலையில் தொடங்கியது, விளக்கு வைக்குமுன் முடிந்தது. கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி செம்பை எடுத்தார்.

இப்போது மடியில் இளையவன். வெள்ளம் குடிக்கத் தொடங்குகிற பருவம். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்ததை அவரிடம் பயந்து பயந்து சொன்னேன்.

"இஞ்சேருங்க, குடிக்கிற வெள்ளத்தைக் கொதிக்க வச்சு ஆற்றிக் குடிப்போம்."

"வெள்ளத்தை அவிக்கணுமா? அது என்ன நெல்லா, ஏட்டி?"

"பிள்ளைக்காக்கும்."

"விறகு ஒனக்க அப்பன் வீட்டிலேருந்து வருதா? கன்னியாஸ்திரிமார் வித்தை நம்ம சபைக்கு வேண்டாம். வெள்ளம் அவிச்சேன்னு கேட்டேன், அடுப்பை இடிச்சுப் போடுவேன்."

அடுப்பை இடித்தால் உங்கள் சோறு எங்கே வேகும் என்று கேட்கத் தைரியமில்லை. மறுநாள் விடிய அடுப்பில் பெரிய பானை ஏறியது.

"அது என்னட்டி?"

"பிள்ளைக்குக் குளிக்க வெள்ளம்."

இதை அவரால் தடுக்க முடியாது. கைப்பிள்ளையைப் பச்சை வெள்ளத்தில் குளிப்பாட்டுகிறவள் இந்த ஊரில் கொலைகாரி. பச்சை வெள்ளத்தைக் குடிக்கக் கொடுக்கிறவள் மட்டும் நல்ல தாய்.

தினம் ஒரு பானை கொதித்தது. ஒரு செம்பு பிள்ளையின் உடம்புக்கு. பாக்கி, ஆறியதும், குடிவெள்ளப் பானைக்கு. அவர் மொண்டு குடித்தார். மீசையைத் துடைத்தார். "எனக்கு என்ன ஆச்சு?"

அடுத்த வீட்டு ராகேல் அக்கா பார்த்துவிட்டாள்.

"மக்கா, அந்தப் பயலைக் குளிப்பாட்டுதியா, வேவிக்கியா?"

காதில் சொன்னேன். மறுநாள் அவள் வீட்டிலும் குளிவெள்ளம் கொதித்தது. அவளுக்குப் பிள்ளையே கிடையாது. கேட்டால் புருஷனுக்கு முட்டுவலியாம்.

பேதி எங்கள் வரிசையில் ஏறி, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அவர் சபைக் கோயில் வாசலில் நின்று பிரசங்கித்தார்: "பச்சை வெள்ளம் குடியுங்க. என்னைப் பாருங்க." சிலர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குடித்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்டுகளிடம் ராகேல் அக்காவை ஓடவிட்டேன். எல்லா வீட்டுக்கும் அவள் பேதிக்கு முந்திப் போய்ச் சேரவில்லை.

பிறகு கொட்டாரம் ஊரில் அவர் தங்கச்சி வீட்டுக் கல்யாணம். தனியாகப் போனார். அங்கே யாரும் இவருக்காகப் பிள்ளை குளிப்பாட்டவில்லை. குளத்து வெள்ளத்தை அண்ணாந்து குடித்துவிட்டு, மாட்டுவண்டியில் படுத்தபடி வந்து சேர்ந்தார்.

"ஏட்டி, செத்துப்போவேன் போலிருக்கு."

உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொண்டுபோனேன். தட்டிவிட்டார்.

"நம்ம வீட்டுப் பச்சை வெள்ளம் கொண்டா. அதுதான் எனக்க உடம்புக்குப் பிடிக்கும்."

கொதித்து ஆறியதை எல்லாம், உப்புக் கல்லைக் கரைத்து, அவருக்கே ஊற்றினேன். பிள்ளை குளிக்கிற ஒரு செம்பும் சேர்ந்து போயிற்று.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். மீசையைத் துடைத்தார். ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றேன். பையனைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"பிள்ளை நாறுது. உருப்படியா நீ செய்த ஒரே வேலை இவனைக் குளிப்பாட்டுனதுதான். அதையும் விட்டுட்டியா?"