நாடு தேர்ந்த நாகேந்திரம்

இல்லை என்று சொல்லாமலே ஒரு மனிதரை மூன்று வருடம் அலைய வைக்க நாகேந்திரத்துக்குத் தெரியும். கொழும்பு கோட்டையில் ஒரு காப்புறுதிக் கொம்பனியின் இழப்பீட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் உத்தியோகம். ஆகவே, 2007இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏ.எல். பரீட்சை எடுத்து முடித்த ஒரே மகள் தர்மினி, "அப்பா, நான் பைலட்டாகப் போறன்" என்றபோது அவர் பதறவில்லை.

"நல்ல விஷயம். எந்த நாட்டில படிக்கிறதெண்டதை மட்டும் என்னட்டை விடுங்கோ" என்றார்.

நாடு தேர மூன்று வருடம். அதற்குள் பிள்ளைக்கு வேறு ஆசை வரும், இல்லாவிட்டால் வரன் வரும். இந்தக் கணக்கை அவர் மனைவி அருந்ததிக்குக்கூடச் சொல்லவில்லை.

பயமும் இருந்தது. கொழும்புக்கு மேலே புலிகளின் பிளேன் வந்து குண்டு போட, ஊரே லைற்றை அணைத்துவிட்டு இருந்த காலம். தமிழ்ப்பிள்ளை பிளேன் ஓட்டப் படிக்கிறாள் என்று சோதனைச் சாவடியில் எந்த மொழியில் விளங்கப்படுத்துவது? "ஆரும் கேட்டால் கேக் ஐசிங் படிக்கிறாள் எண்டு சொல்லுங்கோ" என்று வீட்டில் உத்தரவு போட்டார். மறுநாளே மாடியில் பக்கத்து பிளட்டில் குடியிருக்கும் மர்லியா வந்து, மகனின் பேர்த்டேக்கு ரெண்டு கிலோ கேக் சொல்லிவிட்டுப் போனாள். தர்மினி போட்ட ஐசிங், ஓடுபாதை மாதிரி ஒரே நேராக இருந்தது.

மாலையானால் நாகேந்திரமும் அருந்ததியும் வெள்ளவத்தைத் தண்டவாளத்தைத் தாண்டி, கடலோரக் கல்லில் போய் இருப்பார்கள். அங்கேதான் நாடுகள் தள்ளுபடியாகும். ஆனால் ஒரு சங்கடம். திருச்சிக்கு அப்பால் போயறியாத மனிதர் அவர். நெட் கபேயில் அச்செடுத்த பக்கங்கள் அவரை மெல்ல மயக்கின. அவுஸ்திரேலியாவில் மனதாலேயே ஒரு வாரம் பறந்தார். கீழே சிவந்த மண், முடிவில்லாத ஒற்றை வீதி, சத்தத்துக்கு மிரண்டோடும் செம்மறிகள். ஒபிஸுக்குப் போகிற பஸ் வளைவில் திரும்பினால் அவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் சரிவார். பக்கத்து சீற்காரர் முறைத்தால்தான் தரையிறங்குவார்.

இறங்கியதும் கடமை நினைவு வரும்.

"அவுஸ்திரேலியா சரிவராது."

"ஏனப்பா?" என்றாள் அருந்ததி.

"அந்த லைசென்ஸ் இஞ்ச செல்லாது. மாத்த வேணும். இஞ்சத்தைச் சட்டச் சோதினை எழுத வேணும், மெடிக்கல் செய்ய வேணும், திரும்ப ஓடிக் காட்ட வேணும்."

"தென்னாபிரிக்கா?"

"அதையும் மாத்த வேணும்."

"அமெரிக்கா?"

"மாத்தத்தான் வேணும்."

"லைசென்ஸைத்தானே மாத்த வேணும், பிள்ளையை இல்லையே" என்று அருந்ததி வறுத்த கடலையின் தோலை ஊதினாள். "கனடாவெண்டால் மாத்தத் தேவையில்லை."

"ஆர் சொன்னது?"

"றொறன்ரோவில இருக்கிற என்ர அண்ணாதான். அங்க படிச்சு, அங்க லைசென்ஸ் எடுத்து, அங்கயே ஓடினால் என்னத்தை மாத்திறது? அவரின்ர வீட்டுக்குப் பக்கத்தில நல்ல பெடியன் ஒருத்தனும் இருக்கிறானாம்."

"அப்ப பிள்ளை இஞ்ச வராதோ?"

"வருவாள். மூண்டு வருசத்துக்கு ஒருக்கா."

இரத்மலானையில் எழும்பிய பிளேன் ஒன்று கடலுக்கு மேலால் வடக்கே போனது. கனவில் பறக்கிறபோதெல்லாம் இதுவரை அவர் உள்ளேதான் இருந்தார். இன்று கீழே இருந்தார். அது புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடலையைக் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்தக் கோரிக்கையையும் அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. மூன்றாம் நாள் மாலை கல்லில் இருந்ததுமே தொடங்கினார்.

"பிலிப்பைன்ஸ்தான் சரி. பதினைஞ்சு மாசத்தில முடியும். அங்க ஓடின மணித்தியாலங்களை இஞ்ச கணக்கில எடுப்பினம்."

"லைசென்ஸை மாத்த வேணுமேப்பா?"

"கட்டாயம் மாத்த வேணும். மாத்திறதுக்கு இஞ்ச வந்துதானே ஆகவேணும்? அதுதான் இதில விசேஷம்." அவர் குரல் கனிந்தது. "சோதினைக்குப் படிக்கேக்க நானே தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். பிறகு காலமை சென்னைக்கு ஓடிப்போட்டு, பின்னேரம் இடியப்பத்துக்கு வீட்டை வந்திடுவாள்."

அருந்ததி மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழும்பினாள். "நீங்கள் யோசிச்சுச் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளையும் பேனையையும் கொண்டுவந்து, அடியில் தகப்பன் ஒப்பமிடுகிற இடத்தைக் காட்டினாள். வெள்ளைச் சேர்ட்டும் தங்கப் பட்டிகளுமாகத் தர்மினி வாசலில் தொப்பியைக் கழற்றுவதைக் கண்ணுக்குள் பார்த்தபடியே நாகேந்திரம் கையெழுத்து வைத்தார். வென்றவருக்குரிய பெருந்தன்மை வந்தது.

"உம்மட அண்ணனுக்கு மனம் நோகாமல் ஒரு மறுமொழி எழுதும்."

அருந்ததி தாளை ஆட்டி மையைக் காயவைத்தாள். அப்போதுதான் அவர் அதன் தலைப்பைக் கண்டார். மணிலாப் பறப்புப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த கடிதம். தர்மினிக்கு இடம் கிடைத்திருந்தது. திகதி போன மாதம்.

"அண்ணாவுக்கு இந்தக் கனடாக் கதையொண்டும் தெரியாதப்பா" என்றாள் அருந்ததி. "அவருக்கும் நீங்களே சொல்லுங்கோ. நாடு தேர்ந்தது நீங்கள்தானே."