மாதன் வாங்க மறுக்கும் கடன்

வடக்கனந்தல்,
தை மாதம், பொங்கல் கழிந்த செவ்வாய்.

மதிப்பிற்குரிய மச்சான் காசிநாதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை லட்சுமியம்மாளைக் கட்டிக்கொண்டு இன்றுவரை வாய் திறந்து ஒரு குறை சொல்லாத கொளஞ்சியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை, ரெண்டு கறவை மாடு, கொல்லியோரத்துப் புளியமரம் எல்லோரும் நலம். சின்னசேலத்தில் தாங்களும் அக்காவும் தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

காலமெல்லாம் பத்திரம் எழுதிப் பிழைத்தவர் நீங்கள், அதனால்தான் கேட்கிறேன். போனில் கேட்டால் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்தே பதில் சொல்லிவிடுவாள் என்பதால் கடிதம். விஷயம் இதுதான்: ஒருத்தன் என் கடனைத் திருப்பிக் கட்டவிடாமல் என்னை அலைக்கழிக்கிறான். அவன்மேல் என்ன கேஸ் போடலாம்? அல்லது, இதுதான் முக்கியம், கேஸே போடாமல் கடனை இப்படியே வைத்திருக்கச் சட்டத்தில் என்ன வழி?

என் மூத்த மகள் செந்தமிழ்ச்செல்வி கல்யாணத்தின்போது பணம் பத்தாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றது நினைவிருக்கும். நீங்கள் அப்போது "கை காஞ்சு கெடக்குது மாப்ள" என்றீர்கள். அதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். மறந்துவிட்டதை மட்டும் அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் கைகொடுத்தவன் கரியாலூர் மாதன். சந்தைக்குக் கடுக்காய் மூட்டையோடு மலையிலிருந்து இறங்கியவன், விற்ற பணத்தை அப்படியே என் துண்டில் கொட்டி "வச்சிக்கோண்ணே" என்றான். சும்மா வாங்க எனக்கு ரோஷம். என் கொல்லி நிலத்து ஓரத்தில், ரோட்டைப் பார்த்து நிற்கிற புளியமரத்தை அவனுக்குப் போக்கியமாகக் கொடுத்தேன். பணத்துக்கு வட்டி கிடையாது, மரத்துக் காய் அவனுக்கு. என்றைக்குப் பணத்தைக் கொடுக்கிறேனோ அன்றைக்கு மரம் எனக்கு. பேச்சுதான் பத்திரம். மலையில் அவனுக்கே ஏழெட்டுப் புளியமரம் இருக்கிறது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாக இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியதுதான். என் மரத்துக் காயின் ருசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன். சாதாரண மரமா அது? ரோட்டு வேலைக்காரர்கள் சாலை மரங்களுக்கெல்லாம் வெள்ளையடித்து நம்பர் போட்டுக்கொண்டு வந்தபோது, என் மரத்துக்கும் ஆசையாக ஒரு நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். நான் மோர் கொடுத்து அனுப்பினேன்.

அதிலிருந்து வருஷா வருஷம் மாசி பிறந்தால் மாதனும் அவன் பெண்சாதி செங்கம்மாளும் மலைத்தேனும் சாமை அரிசியுமாக வந்து இறங்கிவிடுவார்கள். மோட்டார் கொட்டகையில் ஜாகை. அவன் கிளையில் ஏறி நின்று உலுக்கினால் கொல்லி முழுக்க மழை பெய்கிற சத்தம். உங்கள் தங்கையும் செங்கம்மாளும் புளி உடைக்க உட்கார்ந்தால் அந்த வருஷத்துச் சண்டை, சம்பந்தம், பிள்ளைப்பேறு எல்லாம் ஓட்டோடு உடையும். என் மகன் அன்புச்செல்வன் சின்னப் பிள்ளையாக மாதன் தோளில் உட்கார்ந்து செங்காயை உப்பில் தொட்டுத் தின்று, பல் கூசிப்போய் ரெண்டு நாள் சோறு தின்னமாட்டான். ஊர்த் திருவிழாவுக்குக்கூட எங்கள் வீடு அப்படிக் கலகலத்ததில்லை மச்சான்.

இப்போது அந்த அன்புச்செல்வன்தான் வினையாக வந்து நிற்கிறான். கொல்லியில் வீடு கட்ட வங்கியில் லோன் கேட்டிருக்கிறான். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம் இல்லையா? உங்கள் மருமகன் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன். "வாய்ப்பேச்சா இருந்தாலும் கடன் கடன்தாம்பா. மீட்டுடு. மீட்டுட்டு மரத்த வெட்டிட்டா கேட் போட வழி கெடைக்கும்" என்று பணத்தையும் கையில் கொடுத்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டான். கரியாலூரில் நான் இறங்குவதைப் பார்த்ததுமே மாதன் வூட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டான். "தேன் எடுக்கப் போய்க்கினு இருக்காருங்க" என்கிறாள் செங்கம்மாள். வூட்டுக்குப் பின்னால் அவன் இருமுவது எனக்குக் கேட்கிறது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அடுத்த தடவை ஆளைப் பிடித்துப் பணத்தைக் கையில் திணித்துவிட்டேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள்; ஜாஸ்தியாகத் தின்று தூங்கிவிட்டேன். எழுப்பி, ஒரு பை மரவள்ளிக்கிழங்கோடு அனுப்பிவைத்தான். வீட்டுக்கு வந்து கொட்டினால் கிழங்குக்கு அடியில் என் பணம். பிறகு அன்பு, மாதன் மகன் அஜய்க்குப் போனிலேயே பணத்தை அனுப்பிப் பார்த்தான். அது கல்யாண மொய் போல ஒரு ரூபாய் கூடுதலாகச் சேர்ந்து திரும்பி வந்தது.

உண்மையைச் சொல்கிறேன் மச்சான், ஒவ்வொரு தடவை பணம் திரும்பி வந்தபோதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். கடன் தீர்ந்தால் மாசியும் தீர்ந்தது. விருந்தாளியாக வாடா என்றால் அவன் வரமாட்டான், என்னைவிட ரோஷக்காரன். ஒரு பாத்தியதை இருந்தால்தான் படி ஏறுவான். போக்கியத்துக்குக் கெடு கிடையாது, பணத்தைக் கட்டி என்றைக்கு வேண்டுமானாலும் மீட்கலாம், அந்த உரிமையை எந்தக் கொம்பனாலும் பறிக்க முடியாது என்று நீங்கள்தானே ஒருமுறை சொன்னீர்கள்? பறிக்க முடியாத உரிமைக்கு இன்னா மச்சான் அவசரம்? அது பாட்டுக்கு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமே. இதையே கொஞ்சம் சட்டப் பாஷையில், நாலு "மேற்படி"யும் ரெண்டு "யாதொரு"வும் போட்டு, மரம் என் பூர்வீகச் சொத்து, அதை இப்போது மீட்கவும் கூடாது வெட்டவும் கூடாது என்று அன்புக்கு எழுதிவிடுங்கள். உங்கள் கையெழுத்து அவனுக்குப் புரியாது, அதனாலேயே பயப்படுவான்.

அக்காவுக்கு எங்கள் இருவர் வணக்கமும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும். தங்கள் முழங்காலுக்கு மாதன் கொடுத்த தேன் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். தடவுவதா குடிப்பதா என்று கேட்டுச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கைக்கு அடங்கிய,
கொளஞ்சியப்பன்

பி.கு.: தபால் தலை வாங்காமல் கடிதம் ஒரு வாரம் அலமாரியில் கிடந்துவிட்டது. மேலே உள்ளதில் ஒரு வரியையும் நம்பாதீர்கள். லோனுக்காகச் சர்வேயர் வந்து கொல்லியை அளந்தார். என் எல்லை மரத்துக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. "மரம் ரோட்டுப் புறம்போக்குங்க. நம்பர் போட்டிருக்கே, பாக்கலையா?" என்கிறார். ஆக, அரசாங்கத்து மரத்தை அடகு வைத்துவிட்டு இத்தனை காலம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இல்லாத சொத்துக்கு ஏது போக்கியம்? மாதனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று, இந்த வருஷக் காயையாவது முறையாக எடுத்து அவனுக்குக் கொடுத்துவிட, யாருக்கும் சொல்லாமல், ரோட்டுப் புளியமரங்களின் காய்க்கு அரசாங்கம் விடுகிற ஏலத்துக்குப் போனேன். என் மரத்து நம்பர் வந்தது. கேட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் எனக்கு மேல் கேட்டது. நான் ஏற்ற, அவன் ஏற்ற, எவன்டா அவன் என்று திரும்பிப் பார்த்தால், தலையில் முண்டாசோடு மாதன்! ஏலம் விட்டவர் சிரிக்கிறார்: "வருசா வருசம் அவருதாங்க எடுக்குறாரு. நீங்க இன்னா புதுசா?"

டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். "எப்பலேர்ந்துடா தெரியும்?"

"மொத வருசமே. உலுக்கறப்பவே ஏலம் எடுத்தவன் வந்து புடிச்சிக்கினான்ண்ணே."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஒனக்குக் கூச்சமாப் போவும். அப்பறம் எந்தச் சாக்க வச்சிக்கினு ஒன் வூட்டுக்கு வர்றது?"

நான் அழுதுவிட்டேன் மச்சான், அத்தனை பேர் முன்னாலேயும். அரசாங்கத்து மரத்தை வெட்ட முடியாது என்பதால் அன்பு கேட்டை வடக்குப் பக்கம் வைக்கிறான். ஏலம் கடைசியில் என் பெயரில்தான் முடிந்தது. இந்த வருஷக் காய் சட்டப்படி என்னுடையது. அதை மாதனுக்குப் போக்கியமாக விட்டிருக்கிறேன். பணத்தை அவன் இன்னும் வாங்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மாசியில் வருகிறார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், புளி உடைக்க ஆள் பத்தாது.