சூறாவளிச் சுந்தரத்தை ஃபெயிலாக்கிய அக்கா

உலகத்தை மாதாமாதம் அழிவிலிருந்து காப்பாற்றிய ஒரு மாவீரனை, மாதாமாதம் ஃபெயிலாக்கிய ஒரே மனுஷி இந்தப் பூமியில் எங்கள் ரிஜெக்ட் அக்காதான்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தயாரான ஷூக்களைக் கடைசியாகச் சோதிக்கும் மேஜை அவளுடையது. தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, "ரிஜெக்ட்!" என்று தள்ளிவிடுவாள். இந்த வழக்கத்தைக் கம்பெனியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை போட்டோவில், மீசையின் இடது பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிய புண்ணியவதி அவள்.

நான் அப்போது அதே கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். ஒடுகத்தூரிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் அக்காவுக்கு. 'சூறாவளிச் சுந்தரம்' என்று ஒரு பறக்கும் வீரனின் காமிக்ஸ் மாதம் ஒன்று வரும். சாயங்காலம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கினாள் என்றால் மறுநாள் காலை பஸ்ஸில் விமர்சனம். பஸ் நிறையப் பெண்கள். ஒருத்தியும் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. ஒருத்தியும் விமர்சனத்தைத் தவறவிட்டதில்லை.

"வில்லன் கடலையே உறிஞ்சிக் குடிச்சுட்டானாம். சுந்தரம் போய் வயித்துல ஒரு குத்து வுட்டதும் கடல் திரும்ப வந்துடுச்சாம். உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு ஒருத்தனாவது நாக்குல வெச்சுப் பார்த்தானா? ரிஜெக்ட்!"

டிரைவர் பாஷா பாய்க்குப் பொறுக்காது. "கதைம்மா அது!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்துவார்.

"கதைன்னா? பிஞ்ச ஷூவ, ஷூதானேன்னு கப்பல்ல ஏத்திடுவியா பாய்?"

இன்னொரு மாதம், சுந்தரம் சாப்பாட்டில் பாதியில் எழுந்து உலகைக் காக்கப் பறந்துவிட்டான். அக்கா கொதித்துப் போய்விட்டாள். "அம்மாக்காரி தோசை ஊத்தினு இருக்கா. இவன் ஜன்னல் வழியா பூட்டான். போய்ட்டு வர்றேம்மான்னு ஒரு வார்த்தை இல்ல. இவன் உலகத்தக் காப்பாத்தி இன்னா பிரயோஜனம்?" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்க்கா" என்று பின்சீட்டில் ஏழெட்டுக் குரல் எழுந்தது. சுந்தரத்தின் மேல் இருந்த கோபத்தில் அன்றைக்கு எத்தனை வீட்டில் சண்டை நடந்ததோ.

ஒருதரம் கிளைமாக்ஸ் முடியவில்லை என்று பாஷா பாய் மாதனூர் தாண்டி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். கேட்டில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"வில்லன் சாகல சார்" என்றாள் எங்கள் பஸ்ஸிலேயே சின்னவளான கௌசல்யா.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. கெட்ட கட்டி இல்லை. ஆனால் குரல் பழையபடி வருவதற்கு நாளாகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாருக்கோ நடப்பதைப்போல பஸ்ஸில் இதைச் சொல்லிவிட்டு, அந்த மாத இதழை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் திட்டினாள். "ஸ்டாக் வெச்சுக்கங்கடி" என்று சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் இல்லாத பஸ் சீக்கிரமே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கும் எல்லோரும் பாஷா பாயையே திட்டினோம். பாவம், அவரே அடுத்த இதழை வாங்கிவந்து விமர்சனம் செய்து பார்த்தார். "நல்ல புக்கு" என்றார். கொஞ்ச தூரம் போய், "படம்லாம் இருக்கு" என்றார். அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கௌசல்யாவும் பாஷா பாயும் அந்தப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்கா கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மொத நாள் பேசிப் பார்த்தாங்க. வெறும் காத்துதான் வந்துச்சு. பயந்துட்டாங்க. பேசிப் பேசித்தான் சரியாவும்னு டாக்டர் சொல்லியும் வாயே தொறக்க மாட்றாங்க" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படித்தேன். அந்த இதழில், பாலத்திலிருந்து விழப்போன பஸ் ஒன்றைச் சுந்தரம் அந்தரத்தில் பிடித்து, தலைகீழாகத் தூக்கிக்கொண்டு பறந்து, பத்திரமாக இறக்கிவிடுகிறான். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்ததும் பாஷா பாய் தொண்டையைக் கனைத்தார். "சும்மா சொல்லக் கூடாதும்மா. இந்த மாசம் ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் புக்கு."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"ஆமாக்கா," என்றாள் கௌசல்யா, "சூப்பரா இருக்கு."

அக்காவின் உதடு துடித்தது. காற்று வந்தது. மறுபடியும் காற்று. பிறகு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"டிபன்..."

"இன்னாக்கா? பசிக்குதா?"

கையை உதறி மறுத்தாள். "டிபன் பாக்ஸுடி! பஸ்ஸத் தலைகீழா தூக்கினானே, எல்லார் சோறும் கொட்டியிருக்குமே. மத்தியானம் இன்னா சாப்டுவாங்க?"

கௌசல்யா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பாஷா பாய் வராந்தாவுக்குப் போய்க் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை. அட்டைப்படம், விலை, வில்லனின் செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்தாள். வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிய நர்ஸே ஓடிவந்து, "போதும்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

அவள் குரல் முழுசாகத் திரும்பவில்லை. கொஞ்சம் கரகரப்பு தங்கிவிட்டது. பஸ்ஸின் கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று பாஷா பாய் எங்கிருந்தோ ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கிவந்து மாட்டினார். இப்போது மாதனூர் ரோட்டில் போகிறவர்களுக்கும் சுந்தரத்தின் தவறுகள் தெரியும் என்று கேள்வி.

கல்யாணமாகி நான் வாலாஜாபேட்டைக்கு வந்து சில வருஷம் ஆகிறது. போன வாரம் அக்கா போன் பண்ணினாள். "புது புக்கு வந்துடுச்சே, படிச்சியாடி?" என்றாள்.

வந்த அன்றைக்கே வாங்கி இரண்டு தரம் படித்திருந்தேன்.

"இல்லக்கா," என்றேன், "நீயே சொல்லு."