கடுகு தாளிக்கும் ஸ்பீக்கர்

வலது பக்கத்து ஸ்பீக்கர் கடுகு தாளித்துக்கொண்டிருந்தது.

இடது பக்கத்திலிருந்து வயலின் சுத்தமாக வந்தது. வலது பக்கத்திலிருந்து பட், பட், படபட. வெங்கடசுப்ரமணியன் இசைத்தட்டை நிறுத்திவிட்டு, இடுப்பளவு உயரமிருந்த அந்த மரப்பெட்டியின் முன்னால் மண்டியிட்டார்.

"ஏன்னா, நான் சமையல்கட்டுல இருக்கேன், தாளிக்கற சத்தம் ஹால்லேர்ந்து வர்றதே?" என்று கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் ருக்மிணி.

"அது ட்வீட்டர்டி. கீச்சு ஸ்வரமெல்லாம் அதுலேர்ந்துதான் வரணும். எலெக்ட்ரோஸ்டாட்டிக். நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பண்ணினது. பெங்களூர்லயே இது ஒரே ஜோடி."

"இன்னொருத்தர் வாங்காததுக்குக் காரணம் இருக்கும்."

அவர் வாங்கியதற்கும் ஒரு காரணம் இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் என்பவரின் பங்களாவில் 'ஹை-ஃபி சர்க்கிள்' என்று ஒன்று நடந்துவந்தது. மொத்தம் ஆறே உறுப்பினர்கள். ஞாயிறுதோறும் கூடிக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பார்கள். பாட்டைக் கூட அல்ல, பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாள் என்பதை. 1996-லிருந்து இரண்டு வருடமாக வெங்கடசுப்ரமணியன் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பிரமோஷனுக்குக் கூட அவர் இத்தனை விண்ணப்பம் போட்டதில்லை.

"உனக்குக் காது இருக்கு மேன். அனுபவம் பத்தல" என்பார் ஓஸ்வால்ட்.

அதே ஓஸ்வால்ட்தான் ஒருநாள் தனியாக அழைத்து, சிவாஜிநகரில் அர்ஜுனன் என்பவனின் குஜரியில், அதாவது பழைய சாமான் கடையில், இந்த ஜோடி கிடப்பதாகக் காதில் ஓதினார். இதைச் சரிசெய்து, ஆறு பேரையும் வீட்டுக்கு அழைத்து ஸ்பீக்கரைப் பாடவைத்துக் காட்டினால் சர்க்கிளில் ஏழாவது நாற்காலி தனக்குத்தான் என்று வெங்கடசுப்ரமணியன் முடிவு கட்டிவிட்டார். ஆயுத பூஜையன்று வரச்சொல்லி அழைப்பும் அனுப்பியாகிவிட்டது.

"கொலுப்படி வைக்கற எடத்துல இதை வெச்சிருக்கேள். ஆயுத பூஜை வரைக்கும் பொறுத்துப்பேன். அப்பவும் பாடலேன்னா இது குஜரிக்குத் திரும்பிப் போயாகணும்" என்றாள் ருக்மிணி.

அவர் ஓஸ்வால்டுக்கு போன் செய்தார்.

"தூசி மேன். பின்பக்கத்தைத் திறந்து, பிரஷ்ஷால லேசா தட்டு. எட்டு ஸ்க்ரூ இருக்கும். கீழ வலது பக்கத்து ஸ்க்ரூ திரும்பாது, அதை நெம்பிரு."

அது உண்மையிலேயே திரும்பவில்லை. 'பெட்டியைப் பார்க்காமலே சொல்கிறாரே, இதல்லவா ஞானம்!' என்று வெங்கடசுப்ரமணியனுக்குப் புல்லரித்தது. உள்ளே, ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, வெங்காயச் சருகை விட மெல்லியதாக ஒரு பிளாஸ்டிக் தாள். அதற்கு மின்சாரம் ஏற்றினால், அது அதிர்ந்து பாடும். பிரஷ்ஷால் லேசாகத்தான் தட்டினார். கிழிந்துவிட்டது.

கடுகுச் சத்தம் நின்றது. கூடவே வலது பக்கத்தில் கீச்சு ஸ்வரமும் நின்றது.

அடுத்த போன் பீட்டருக்கு. சர்க்கிளில் இரண்டாம் இடம் அவருக்கு. கோலார் தங்கச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், தாள் கிழிஞ்சுடுத்து."

"நடுவுலதானே?"

"ஆமா! எப்படி சார்?"

"பொதுவா நடுவுலதான் கிழியும் தம்பி" என்று பீட்டர் இருமினார். "புடவை டப்பா மேல கண்ணாடித்தாள் ஒட்டியிருப்பான் பாரு, அதை வெட்டி ஒட்டு. ஹேர் ட்ரையர்ல சூடு காட்டுனா டைட்டாயிரும். அப்புறம் பென்சில் கரியைப் பொடி பண்ணித் தடவு."

தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையின் பெட்டிக்கு ஜன்னல் போயிற்று. மகள் ஸ்வர்ணாவின் ஹேர் ட்ரையர் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடிப் புகைந்து அடங்கியது. பென்சில் கரி தாளில் கொஞ்சமும், கதவுப் பிடிகளில் கொஞ்சமும், கொலுவுக்கு விரிக்க வைத்திருந்த வெள்ளை வேட்டியில் மிச்சமுமாக ஒட்டியது.

"அப்பா, காலேஜுக்குத் தலையைக் காயவைக்காமலே போகட்டுமா?" என்று கேட்டாள் ஸ்வர்ணா. அவர் காதில் விழவில்லை. காதை ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

சத்தம் வந்தது. ஆனால் கொசு பாடுவதுபோல் வந்தது.

"வோல்டேஜ் போதல மேன்" என்றார் ஓஸ்வால்ட். "டிரான்ஸ்ஃபார்மரைப் பெருசா போடு."

எலெக்ட்ரிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் தேடிப் பெரிதாகப் போட்டார். அன்று சாயங்காலம் எதிர்வீட்டு உஷா கொலுவுக்கு வந்தாள். மூலையில் ஒதுங்கிவிட்ட கொலுப்படியின் முன்னால் உட்கார்ந்து பாட ஆரம்பித்தாள். அனுபல்லவிக்குப் போகும்போது அவளுடைய நைலக்ஸ் புடவைத் தலைப்பு தானாக எழுந்து ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். மறுபடியும் போயிற்று. தலைமயிர் நட்டுக்கொண்டு நின்றது.

"மாமி, உங்காத்துல யாரோ புடவையைப் புடிச்சு இழுக்கறா!"

சுண்டல் கூட வாங்காமல் ஓடிவிட்டாள். மறுநாள் முதல் அந்தத் தெருவில் ஒருத்தியும் கொலுவுக்கு வரவில்லை. ருக்மிணி சண்டை போடவில்லை. மீந்த சுண்டலை இரண்டு நாளைக்கு, மூன்று வேளையும், அவருக்கே போட்டாள்.

ஆயுத பூஜையன்று ஆறு பேரும் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். வெங்கடசுப்ரமணியன் வயலின் இசைத்தட்டை வைத்தார். ஓஸ்வால்ட் கண்ணை மூடினார். மற்ற ஐவரும் மூடினார்கள்.

"இப்போ கேளுங்கோ" என்று சுவிட்சைப் போட்டார்.

படார்!

நீலமாக ஒரு பொறி, கறுப்பாக ஒரு புகை. வீடு முழுக்க கரென்ட் போய்விட்டது. சந்தனம் கருகும் வாசனை வந்தது.

"அய்யோ சிவனே!" என்று சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள் வேலை செய்யும் சந்திரம்மா. "காலையில மிக்ஸி, ஸ்கூட்டர், இஸ்திரிப் பொட்டி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சேன் சாமி. இதை மட்டும் வுட்டா இது பேஜாரா நிக்குமேன்னு, தொறந்து கெடந்த பின்பக்கமா கைய வுட்டு, அந்தக் கறுப்புத் தாளு மேல மூணு பொட்டு வெச்சேன். நல்லா கெட்டியா வெச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் எழுந்தார்கள். ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், சாவு வீட்டில் குலுக்குவதுபோல. ஓஸ்வால்ட் தோளில் தட்டி, "எங்களுக்கு இது போதும் மேன்" என்றார்.

அவர்கள் போனதும் வெங்கடசுப்ரமணியன் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு ஸ்பீக்கருக்காக அழுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதார். திட்டுவதற்கென்று பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த ருக்மிணி, காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போறது விடுங்கோ. நம்மாத்து ரேடியோவே நன்னாத்தான் பாடறது" என்றாள்.

மறுநாள் காலை குஜரி அர்ஜுனன் லக்கேஜ் ஆட்டோவோடு வந்தான். இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக் கயிறு கட்டினான்.

"எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்பா, கண்ணுக்கு மறைவா எடுத்துண்டு போ" என்றார் வெங்கடசுப்ரமணியன். "எனக்கும் அந்த சர்க்கிளுக்கும் இனிமே ஒட்டுமில்ல, உறவுமில்ல. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

அர்ஜுனன் கயிற்றை விட்டுவிட்டு ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான்.

"என்னா சார் இப்படிச் சொல்லிட்டீங்க? ஞாயித்துக்கிழமைக்குன்னு உங்களுக்கு என் கடையிலேர்ந்துதான் சேர் வாங்கிப் போட்டிருக்காங்க. இந்தப் பொட்டிய என்கிட்ட ஒவ்வொருத்தரா வாங்கினு போயி, பாழ் பண்ணி, எனக்கே திருப்பிக் குடுத்தவங்கதான சார் அந்த ஆறு பேரும்!"