நங்கூரம் பார்க்கப் போய் மீன் பார்த்த கதை

கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கெல்லாம் நீந்தத் தெரியும் என்று உலகம் நம்புகிறது. ஐம்பத்தாறு வயது வரை அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

ரொறன்ரோவில் என்னைப் போன்ற அப்பாமாருக்கு நீச்சல் என்பது கரையில் போட்ட வாங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஸ்காபரோவில் நீச்சல் தடாகத்தின் கரையில், மகளின் குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "காலை நல்லா அடி பிள்ளை!" என்று எட்டு வருடம் கத்தியிருக்கிறேன். (கத்தினதிலையே எனக்கும் நீச்சல் வந்திட்டுது எண்டு நினைச்சன்.) நீங்கள் ஏன் இறங்குவதில்லை என்று கேட்டால், "நான் கடலிலை பழகினவன், உந்த மருந்துத் தண்ணி எனக்குச் சரிவராது" என்பேன். மகள் துளசி அதை நம்பியே வளர்ந்தாள்.

வளர்ந்தவள் ஒன்ராறியோ ஏரியில் பாய்மரப் படகு ஓட்டப் பழகி, போன மாசி மாதம் எங்களை மாலைதீவுக்குக் கூட்டிப் போனாள். படகு வாடகைக்கு. அவள் கப்டன், என் மனைவி யோகா சமையல், நான் நங்கூரம்.

நண்பகலில் ஒரு களப்புக்குள் நுழைந்தோம். சுற்றிவர முருகைக்கல் என்கிற பவளப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர்.

"வெயில் உச்சியிலை நிக்கேக்கைதான் அடி தெரியும் அப்பா. வெளிறின இடம் மணல், கறுப்புக் கல்லு. மணலிலை போடுங்கோ."

போட்டேன். (கொஞ்சம் பிந்தித்தான்.) ஆறு மீற்றர் ஆழத்துக்கு முப்பது மீற்றர் சங்கிலி விட்டோம். துளசி எஞ்சினால் படகை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். நின்றது. பிறகுதான் என் தலையில் இடி விழுந்தது.

"அப்பா, நங்கூரம் மணலுக்குள்ளை புதைஞ்சிருக்கோ எண்டு ஒருக்கா நீந்திப் போய்ப் பார்த்திட்டு வாங்கோ. அதுவரைக்கும் நான் எஞ்சினிலை நிக்கிறன்."

பிள்ளை, எனக்கு நீந்தத் தெரியாது. நாலே நாலு சொல். அதைச் சொல்லாமல் நீச்சல் கண்ணாடியை மாட்டினேன். நங்கூரம் கிடந்தது படகின் முன்பக்கத்தில், தூரத்தில். நான் இறங்கியது பின்பக்க ஏணியில். ஒரு கையால் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒரு மஞ்சள் மீன் தெரிந்தது. அதுவும் என்னைப் பார்த்தது. (அதுக்கு உடனை விளங்கியிருக்கும்.) மேலே ஏறி, தலையைத் துவட்டிக்கொண்டு அறிவித்தேன்.

"அப்பிடியே புதைஞ்சு கிடக்குது பிள்ளை."

துளசி எஞ்சினை நிறுத்தினாள். சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடியக் காற்றுத் திசை மாறியது. யோகா தேநீரும் கையுமாக நின்று, "இஞ்சேருங்கோ, உந்தத் தென்னை முந்தி யன்னலுக்கு நேரையெல்லே நிண்டது? உதேன் இப்ப நடக்குது?" என்றாள்.

"தென்னை நடக்காது" என்று விளக்கினேன்.

துளசி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எஞ்சின் பக்கம் பாய்ந்தாள். படகு நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கறுப்புக் கல் இரண்டு படகு நீளத்தில் தெரிந்தது. அவள் எஞ்சினை முடுக்க, நான் சங்கிலியை ஏற்றினேன். அடியில் ஒரு தடவை கிரீச் என்றது. அந்தச் சத்தம் இப்போதும் என் பல்லைக் கூசப்பண்ணும். எப்படியோ தப்பினோம்.

நங்கூரம் மேலே வந்தபோது அதன் கூரில் ஒரு முருகைக்கல் துண்டு மாட்டியிருந்தது. மணல் பொட்டும் இல்லை. துளசி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, பார்த்தனீங்கள்தானே?"

"பார்த்தனான்."

"என்னத்தை?"

"மீனை."

எல்லாவற்றையும் சொன்னேன். யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துளசி சிரிக்கவில்லை.

"நீந்தத் தெரியாட்டி பரவாயில்லை அப்பா. ஐ வுட் ஹாவ் கோன், நானே போயிருப்பன். நீங்கள் சொன்ன படியாலைதானே எஞ்சினை நிப்பாட்டினனான்."

முப்பது மீற்றர் சங்கிலியைவிட என் ஒரு சொல்லை அவள் கூடுதலாக நம்பியிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாம் முறை நங்கூரம் போட்டதும் அவளே குதித்து, அடிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இப்போது வீட்டில் நான் "அடுப்பு நிப்பாட்டியாச்சு" என்றால் போதும், "நங்கூரம் பார்த்தனீங்களோ, மீன் பார்த்தனீங்களோ?" என்று யோகா கேட்பாள். றிச்மண்ட் ஹில்லில் ஒரு கலியாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர்கூடக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமைகளில் அதே தடாகத்துக்குப் போகிறேன். இடுப்பளவு தண்ணீர், பெரியவர்களுக்கான வகுப்பு. வாங்கில் துளசி, என் குளிர்ச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள்.

"அப்பா, சுவரை விட்டிட்டீங்களோ?" என்று போன கிழமை கத்தினாள்.

தடாகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"இல்லைப் பிள்ளை," என்றேன், "பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."