மாடம்பாக்கம் பட்டிமன்றத்தில் நான் ஊதிக் காட்டியது

மைக்கைப் பார்த்தால் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே இருக்காது. இருபத்து மூன்று வயதில் இந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. அப்படிப்பட்டவனைத்தான் எங்கள் மாடம்பாக்கம் குடியிருப்போர் சங்கம் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்குப் பேசக் கூப்பிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். 'குடிப்பழக்கத்தை நிறுத்த உதவுவது, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டமா, சொந்த மன உறுதியா?' என்பது தலைப்பு. நான் மன உறுதி அணி. (அலாரம் அடித்தால் அதன் தலையில் தட்டிவிட்டுத் தூங்குகிறவன் என்பது அணித் தலைவருக்குத் தெரியாது.)

எதிரணியை நொறுக்க வேண்டுமானால் அந்தக் கூட்டத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தாம்பரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால், சண்டே ஸ்கூல் அறையில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிறார்கள் என்றார்கள். போனேன். குழந்தைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் பதினைந்து ஆண்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாகப் பதுங்கிக் குறிப்பெடுக்கலாம் என்று பார்த்தால், "புதுசா வந்திருக்கீங்களா? வாங்க, வாங்க!" என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, 'நான் குடிகாரன்' என்று ஒப்புக்கொண்டு, குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்றும் சொல்ல வேண்டும். என் முறை வந்தது. வேவு பார்க்க வந்தேன் என்றா சொல்ல முடியும்?

"என் பேர் ரவி. நான்... குடிகாரன். நேத்திலேர்ந்து குடிக்கலை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்தால் என் வாய் சும்மா இருக்குமா? தினமும் நாலு டம்ளர் பிராந்தி என்று அளந்துவிட்டேன். (பிராந்தி என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.) இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்தவருக்கு ஒரு துணை ஆள் கொடுப்பார்கள். எனக்கு வாய்த்தவர் ஆரோக்கியம் அண்ணன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவரே குடியை விட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொருவருக்குத் துணையாக இருக்கும்படி அவரை நம்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் விலாசத்தை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் சைக்கிள் மணி. "இன்னா தம்பி, எப்டி கீற? நேத்து ஒண்ணும் தப்பு நடக்கலயே?"

அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். கூட்டத்தில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி என்பதால், அம்மா என்ன கேட்டாலும் சிரித்து மழுப்பினார். "யாருடா அவர்? அவருக்குப் பொண்ணு கிண்ணு இருக்கா?" என்று அம்மா என்னைக் குடைந்தாள். நான் முழித்த முழியில் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என்னைக் கேட்காமலே, "பொங்கலுக்கு இவன் பட்டிமன்றத்துல பேசறான், வீட்ல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று அவரை அழைத்தும்விட்டாள்.

மேடையில் நான் வெளுத்து வாங்கினேன். "பத்து குடிகாரன் ஒண்ணா உட்கார்ந்தா பதினோராவது ஆளைத் தேடுவான், திருந்தவா செய்வான்?" ஒரே கைதட்டல். அப்போதுதான் முதல் வரிசையில் அண்ணனைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் மனைவி. முகம் கறுத்துப்போயிருந்தது. எழுந்தார். மேடையேறி நேராக என்னிடம் வந்தார்.

"ஊது தம்பி."

இருநூறு பேர் முன்னால் ஊதினேன்.

"வாசன இல்ல சார். ஆனா பேச்சு சரியில்ல" என்று நடுவரிடம் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "யாருங்க நீங்க?" என்றார் நடுவர்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நான் குடிகாரன் சார். வுட்டு நாப்பத்தேழு நாள் ஆச்சு. போன சனிக்கெழம கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். உள்ள பூந்துட்டா, காத்தால இந்தத் தம்பி மூஞ்சில எப்டி முயிக்கிறதுன்னு திரும்பி வந்துட்டேன். தனக்காவ நான் வரேன்னு தம்பி நெனச்சுக்கினு கீது. எனக்காவத்தான் சார் வரேன்." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, உன் விசயத்த வெளிய சொல்லிட்டேனா தம்பி?"

சிரிப்பு நின்றுபோயிற்று. நடுவர் என்னைப் பார்த்தார். 'நான் குடிப்பவனே இல்லை, வேவு பார்க்கத்தான் போனேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மானம் தப்பிவிடும். ஆனால் அதைக் கேட்டுவிட்டு இந்த மனிதர் எந்தக் கடை வாசலில் போய் நிற்பார்? எனக்குப் பயமாக இருந்தது. என்னை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அண்ணன் சொல்றது நிஜம்" என்றேன் மைக்கில். "நானும் குடிகாரன்தான். எங்க அணி தோத்துப்போச்சு."

அணித் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அம்மா எழுந்து வீட்டைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேன். "குடிக்கிறவன் எல்லாரும் வீட்டுல இதைத்தான்டா சொல்றான்" என்றாள். அவள் நம்புவதற்கு ஆறு மாதம் ஆயிற்று.

ஊர் நம்பவேயில்லை. பள்ளிக்கரணையில் எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா எங்கள் தெருவில் விசாரித்திருக்கிறார். "தங்கமான பையன் சார், குடிய விட்டுட்டான்" என்று மளிகைக் கடைக்காரர் நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதையும் தாண்டித்தான் கல்யாணம் நடந்தது. பந்தி முடியும்வரை ஆரோக்கியம் அண்ணன் என் பின்னாலேயே நின்று, என் டம்ளரில் என்ன ஊற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவர் தொடவில்லை.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். "ஒரு சொட்டுகூடக் குடிக்காமலே குடியை நிறுத்தினவர் உலகத்துலயே இவர் ஒருத்தர்தான்" என்று முடிப்பாள். ஆரோக்கியம் அண்ணன் வந்திருக்கும் நாளில் மட்டும் "குடியை நிறுத்தினவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அண்ணன் பெருமையாக என் முதுகில் தட்டிக்கொடுப்பார்.