கே தீர்மானத்துக்கு எதிராக முந்நூறு வார்த்தைகள்

"ஆதரவுப் பக்கம் போயிடுச்சு சார். காலையில எட்டு மணிக்கே ஒரு அம்மா எழுதிக் கொடுத்துட்டாங்க," என்றாள் நகராட்சி எழுத்தர் நதீன்.

லயோனல் பெட்டன்கோர்ட் கையிலிருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ஆதரவுக் கட்டுரை. ஓடைக்கரை வால்நட் தோப்பை, மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்காமல் நகராட்சி விற்கக் கூடாது என்று நகர சாசனத்தைத் திருத்துவதுதான், வாக்குச்சீட்டில் ‘கே’ என்ற எழுத்தோடு வரும் தீர்மானம். அவர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் அந்தத் தோப்பு. பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து சாயங்காலம் தவறாமல் அங்கேதான் கூட்டாளிகளோடு ‘பாச்சி’ என்ற பந்து உருட்டும் ஆட்டம் ஆடுவார்.

"என்னுதையும் சேர்த்துப் போடுங்களேன்."

"வாக்காளர் கையேட்டுல ஆதரவுக்கு ஒண்ணு, எதிர்ப்புக்கு ஒண்ணுன்னு முந்நூறு வார்த்தைக் கட்டுரைதான் சார். முதல்ல வந்தவங்களுது. எதிர்ப்புப் பக்கம்தான் காலியா இருக்கு. அஞ்சு மணிக்குள்ள யாரும் தரலைன்னா வெறுமையாவே அச்சுக்குப் போயிடும்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. கோட்டும் டையுமாக ஒருவர் இறங்கினார். தோப்பின் மேல் யாரோ கண் வைத்திருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இவன் வக்கீலாக இருந்தால்? முந்நூறு வார்த்தையில் ஊரையே கவிழ்த்துவிட்டால்?

லயோனல் மேஜைமேல் சாய்ந்து கையை நீட்டினார். "எதிர்ப்பை நான் எழுதுறேன்! படிவத்தைக் கொடுங்க!"

கோட்டுக்காரர் உள்ளே வந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் லயோனல் கையெழுத்தே போட்டிருந்தார். சரி, உலகத்திலேயே மட்டமான எதிர்ப்பை எழுதுவோம், படிக்கிறவன் சிரித்துக்கொண்டே ஆதரவுக்கு ஓட்டுப் போடட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். தோப்பில் நிழல் அதிகம், கிழவர்கள் சோம்பேறியாகிறார்கள். இலை உதிர்கிறது. அணில் தொல்லை தாங்கவில்லை.

"அணிலா?" என்றாள் மனைவி இர்மா. "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"படிக்கிறவங்களும் அதையேதான் கேட்பாங்க, பாரேன்."

கையேடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த மறுநாள், கடையில் ரொட்டி வாங்க நின்றவரின் தோளை ஒருவர் தட்டினார்.

"அணில் விஷயத்தை இந்த ஊர்ல பேசறதுக்கு ஒரு ஆம்பளை வேணும்னு இருந்தேன் சார்! என் கார் வயரை மூணு தடவை கடிச்சிருக்கு!"

சனிக்கிழமைக்குள் லயோனல் வீட்டு வாசலில் அணிலால் நொந்த பதினெட்டுப் பேர். பாச்சிக் கூட்டாளிகள் அவர் வந்தால் பந்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். அவருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடும் இறங்கவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் இர்மா.

சொன்னார். கார் வயர்க்காரரிடமே போய், "நான் ஆதரவுக்குத்தான் ஓட்டுப் போடப்போறேன்," என்றார். அந்த ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் குசும்புதான் சார் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே!"

கடைசி வழியாக, நூலக மண்டபத்தில் நடந்த விவாதத்தில் வேண்டுமென்றே தோற்றுவிடத் தீர்மானித்தார். மேடையேறி, "இந்தத் தீர்மானத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. "முப்பது வருஷத்துல உண்மை பேசின முதல் ஆள்!" என்று ஒரு குரல்.

அடுத்து ஆதரவுக் கட்டுரை எழுதிய கோரீன் ஸ்டாட்லர் எழுந்தார். மெல்லிய அம்மாள். சாசனத்தின் நான்காம் பிரிவை உட்பிரிவு உட்பிரிவாக வாசிக்க ஆரம்பித்தார். முன்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். லயோனலுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் நீட்டுகிற சாக்கில் குனிந்தார்.

"அம்மா, மரங்களைப் பத்திப் பேசுங்க! குழந்தைங்க விளையாடறதைப் பத்திப் பேசுங்க!"

"ரொம்ப நன்றிங்க," என்று புன்னகைத்துத் தண்ணீரைக் குடித்த அம்மாள், ஐந்தாம் பிரிவுக்குப் போனார்.

தேர்தலுக்கு மறுநாள் காலை நகராட்சி வாசலில் முடிவை ஒட்டினார்கள். இருபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் கே தீர்மானம் தோற்றது.

கார் வயர்க்காரர் லயோனலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். யாரோ படம் பிடித்தார்கள். இர்மா அவர் தொப்பியைத் தட்டிச் சரியாக வைத்தாள். கூட்டத்தின் ஓரத்தில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி கோரீன் நிற்பதைப் பார்த்ததும் தாங்கவில்லை. பாவம், தன்னால் அல்லவா அந்த அம்மாளுக்கு இந்தக் கதி? மன்னிப்புக் கேட்கலாம் என்று அருகே போனார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கோரீனின் கணவர் முந்திக்கொண்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல சார்! அந்த இடத்தை வாங்கப்போறதே நாங்கதான். வேற யாராவது நல்லா எழுதித் தொலைச்சிடப் போறாங்கன்னுதான் இவ விடிஞ்சதும் விடியாததுமா ஓடிப்போய் ஆதரவுப் பக்கத்தை வளைச்சுப் போட்டா!"